திலகவதியம்மையார்

திருத்தொண்டத்தொகையில் எண்ணப்பெறும் தனியடியார் அறுபத்துமூவருள் பெண்பாலார் காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என மூவரே. திருநாவுக்கரசு சுவாமிகளின் தமக்கையாராகிய திலகவதியார் அவ்வெண்ணுட் சேர்ந்திலர். ஆயினும், 12ஆம் நூற்றாண்டில் திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் சுவாமிகள், நாவரசர் வரலாற்றை இவ்வம்மையார் வரலாற்றோடு பின்னியே தொடங்கினார். அதன் காரணம் ஆராயற்பாலது.

திருமுனைப்பாடி நாட்டிலே, இக்காலத்துப் பண்ணுருட்டிக்கு அணித்தாகிய திருவாமூரில், வேளாளருட் குறுக்கையர் குடி சிறந்து விளங்கியது. அக்குடியிற் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மூத்த மகளாராகத் தோன்றியவர் திலகவதியார். சில ஆண்டு சென்றபின் மருணீக்கியார் பிறந்தனர். அம்மையாருக்கு 12ஆம் ஆண்டு அணுகும்போது, அரசனிடத்துச் சேனைத்தலைவராயிருந்த கலிப்பகையார் மணம் பேசுவித்தனர், புகழனாரும் இசைந்தனர். மணம் நிகழுமுன்னரே கலிப்பகையார் வடபுலத்துப் பகைவர்மேற் போருக்குச் செல்ல நேர்ந்தது.

அந்நாளிற் புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவனாரைப் பின்பற்றி உயிர் நீத்தார். அத்துயர் ஆறுமுன் கலிப்பகையார் போர்க்களத்துப் பட்ட செய்தி வந்தது. தந்தையார் தம்மை அவர்க்கென இசைந்தமையால் தாமும் அவர்க்கே உரியரென்று துணிந்து, அம்மையார் உயிர்விட எண்ணினர். மருணீக்கியார் அடிமேல் வீழ்ந்து அழுதரற்றித் தாமும் முன்னே இறப்பதாகக் கூறினர். அதுகேட்ட அம்மையார் தம்பியார் பொருட்டு உயிர் தாங்கினர். பொன்னணி பூணாது, எல்லாவுயிர்க்கும் அருள் சுரந்து, மனையிலே தவம் புரிந்திருந்தனர். இறத்தலினும் இருத்தல் அரிதாகிய நிலை அது.

வளர்ந்த மருணீக்கியார் நிலையாமை கண்டு அறம் பல செய்தனர். பின்னர்ப் பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளி சார்ந்து தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றனர். அம்மையாரோ கெடிலத்தின் வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, அலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல் ஆகிய பணிகளை நாடோறும் செய்து, தம்பியாரை மீட்டருளுமாறு வேண்டிவந்தனர். இறைவன் கனவிலே தோன்றி, முன்னமே தவஞ்செய்த அவரைச் சூலைநோய் தந்து ஆட்கொள்வதாக உணர்த்தியருளினன்.

அவ்வாறே சூலை மூண்டது. பள்ளியில் மந்திரமும் மருந்தும் பயன்படாமையால் தருமசேனர் தமக்கையாரிடம் ஆள் போக்கினர். தாம் அப்பள்ளிக்கு வருவதில்லை என அம்மையார் விடைகூறினர். பிள்ளைபோல் வளர்த்த தம்பியார் நோயால் வருந்துவது அறிந்தும் அங்ஙனம் கூறியது வன்கண்மை அன்று. அவர் தாமே வந்தடைய வேண்டுமிடம் திருவதிகை என்பதனாலாம். தருமசேனர் பள்ளிக்கோலம் களைந்து, வெள்ளுடை உடுத்து, இரவிலே வந்து அடிபணிந்தனர். அம்மையார் திருவைந்தெழுத்தோதித் திருநீறு அளித்து, திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் திருவலகும் மெழுக்கும் தோண்டியும் கொண்டு திருக்கோயில் புகுந்தபோது, அவரையும் உடனழைத்துச் சென்றனர். அங்கே தேவாரம் பிறந்தது, சூலை நீங்கியது, நாவுக்கரசு என்னும் திருநாமமும் இறைவனருளால் வாய்த்தது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. சரியைநெறியாகிய தாசமார்க்கத்திற்கு நாவரசரை எடுத்துக்காட்டாகக் கூறுதல் சைவமரபு. அந்நெறிக்குச் சித்தியாரில் அருணந்தி சிவாசாரியர் எண்ணும் அலகிடல், மெழுகல், பூக்கொய்தல் முதலிய தொண்டுகள் அம்மையார் முன்னரே திருவதிகையிற் செய்துவந்தனவே. அவர் கையிலிருந்த திருவலகே தம்பியார் கையில் உழவாரமாயிற்று எனல் மிகையாகாது. நீறளித்து நெறிகாட்டினமையின் தமக்கையாராகிய அவர் குருவும் ஆயினர்.

மதுரையிலே, கணவனாராகிய பாண்டியர் சமணஞ் சார்ந்தமைக்கு வருந்திய மங்கையர்க்கரசியார், திருஞானசம்பந்தரை வருவித்தனர். அவரளித்த திருநீற்றால் பாண்டியர் வெப்புநோய் நீங்கிற்று. ஆலவாயிலும் அதிகையிலும் ஓரம்மையாரின் கவலையும் திருநீறுமே வழிதிறந்தன. அரசமாதேவியார் தொகையுள் இடம்பெற்றனர். திருவாமூர் அம்மையார்க்கோ 4, 5, 6ஆம் திருமுறைகளே நிலைத்த சான்றாய் விளங்குகின்றன. அவற்றை ஓதுந்தோறும், தம்பியார் பொருட்டு உயிர்தாங்கிய அத்தமக்கையாரையும் சிந்தித்தல் நம்மனோர்க்குக் கடனாம்.