மக்கள் வாக்களிக்காத தேர்தலில் வென்ற வி.வி.கிரி

2022 ஜூலை 20. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த நாட்கள் அவை. கொழும்புத்துறையில் இறங்குதுறைப் பக்கம் கூடியிருந்தவர்கள் ஒரு கைபேசியைச் சுற்றி நின்று பாராளுமன்ற வாக்கெடுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரணில் விக்ரமசிங்க 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3. நாங்கள் யாரும் வாக்குப் போடாமல் எப்படி ஒரு ஜனாதிபதி வரலாம் என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1982 இலிருந்து நேரடியாக வாக்களித்துப் பழகியவர்கள் நாங்கள். பதவி இடையில் வெற்றிடமானால் பாராளுமன்றமே தெரிவு செய்யலாம் என்ற 1981 ஆம் ஆண்டுச் சட்டம், 1993 இல் டி.பி.விஜேதுங்கவுக்குப் பிறகு அன்றுதான் மறுபடி வேலை செய்தது.

அயலில் இந்தியாவில் இதுதான் வழமை. அங்கே நடந்த இத்தகைய தேர்தல்களில் மிகக் கடுமையானதில் வென்றவர் வராககிரி வேங்கட கிரி. எங்கள் கதையோடும் தொடர்புள்ள மனிதர்.

1894 ஆகஸ்ட் 10 இல், அப்போதைய சென்னை மாகாணத்தின் பெர்ஹாம்பூரில் பிறந்தார். சட்டம் படிக்க அயர்லாந்தின் டப்ளினுக்குப் போனவர், அங்குள்ள விடுதலைப் போராட்டக்காரருடன் பழகியதால் 1916 இல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. ஊர் திரும்பி ரயில்வே தொழிலாளரிடையே சங்கம் கட்டினார். 1937 தேர்தலில் நீதிக்கட்சியின் பொப்பிலி ராஜாவைத் தோற்கடித்து ராஜாஜி அமைச்சரவையில் தொழில் அமைச்சரானார்.

1947 இல் இந்தியாவின் உயர்ஸ்தானிகராகக் கொழும்புக்கு வந்தார். 1951 வரை இருந்தார். அவர் வந்த ஆண்டில் நடந்த தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றிருந்தது. 1948 இன் குடியுரிமைச் சட்டமும், தொடர்ந்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952 இல் அந்த மக்களின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. தமிழ்க் காங்கிரஸ் உடைந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததும் இந்த விவகாரத்தில்தான். தொழிலாளருக்காகவே வாழ்ந்த ஒருவர் உயர்ஸ்தானிகராக இருக்கும்போதே தோட்டத் தொழிலாளர் நாடற்றவராயினர். அந்தப் பதவியால் அதைத் தடுக்க முடியவில்லை.

இந்தியா திரும்பி, நேருவின் தொழில் அமைச்சரானார். வங்கி ஊழியருக்கான தீர்ப்பாய முடிவை அரசு மாற்றியபோது, 1954 இல் பதவியைத் தூக்கி எறிந்தார். இன்றைய அமைச்சர்களை நினைத்தால் இது பழங்கதை போலத் தோன்றும். பிறகு உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் என மூன்று மாநிலங்களில் ஆளுநர். 1967 இல் துணைக் குடியரசுத் தலைவர்.

1969 மே 3 இல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியிலேயே இறந்தார். கிரி பதில் தலைவரானார். காங்கிரஸ் கட்சியோ நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. ஜூலை 19 இல், 14 வங்கிகளைத் தேசியமயமாக்கும் அவசரச் சட்டத்தில் கிரி கையொப்பமிட்டார். மறுநாள் பதவிகளைத் துறந்து சுயேச்சையாகப் போட்டியில் இறங்கினார். பிரதமர் இந்திரா காந்தி தன் கட்சி வேட்பாளரைக் கைவிட்டு, மனச்சாட்சிப்படி வாக்களிக்கும்படி கட்சியினருக்குச் சொன்னார். தி.மு.க.வும் இடதுசாரிகளும் கிரியின் பக்கம் நின்றனர்.

அங்கே வாக்களிப்பவர்கள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் தெரிவான உறுப்பினர்கள். எல்லா வாக்கும் ஒரே பெறுமதி அல்ல. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு, அவரது மாநிலச் சனத்தொகைக்கு ஏற்பக் கூடும், குறையும். 1971 கணக்கெடுப்பின்படி இன்று தமிழ்நாட்டு உறுப்பினரின் வாக்குக்கு 176, உத்தரப் பிரதேசத்தவருக்கு 208, சிக்கிமுக்கு வெறும் 7. வாக்காளர் 1, 2, 3 என்று விருப்பு வரிசை இடவேண்டும். மொத்தப் பெறுமதியில் பாதியைத் தாண்டியவரே வெல்வார்.

1969 இல் அந்தக் கோடு 418,169. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 401,515, ரெட்டிக்கு 313,548, தேஷ்முக்குக்கு 112,769. யாரும் தாண்டவில்லை. கடைசியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டு, அவர்களின் அடுத்த விருப்பு வாக்குகள் மாற்றப்பட்டன. பெரும்பகுதி ரெட்டிக்கே போயிற்று. ஆனாலும் கிரி 420,077, ரெட்டி 405,427. சில மாதங்களில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. தேர்தலை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், பதவியில் இருக்கும்போதே கிரி உச்ச நீதிமன்றத்தில் நேரில் சாட்சியம் அளித்தார். வழக்கு தள்ளுபடியானது.

அவர் பதவியில் இருந்த 1974 ஜனவரியில்தான் சிறிமா – இந்திரா ஒப்பந்தம் வந்தது. 1964 உடன்படிக்கை மிச்சம் விட்டிருந்த 150,000 மலையகத் தமிழரை இரு நாடுகளும் 75,000 ஆகப் பங்குபோட்டுக்கொண்டன. எங்கே வாழ விருப்பம் என்று அந்த மக்களிடம் யாரும் வாக்கெடுக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் கிரி ஓய்வுபெற்றார். 1980 ஜூன் 24 இல் சென்னையில் காலமானார்.

கொழும்புத்துறையிலிருந்து பார்த்தால் கடல்நீரேரிக்கு அப்பால் பூநகரி. அதற்கும் அப்பால் கிளிநொச்சியில், 1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்கள் பல. எங்களோடு சேர்ந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்ற இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003 இல், கிரி கொழும்பை விட்டுப் போய் 52 ஆண்டுகளுக்குப் பின்.