மலைக்கு ஆணி அறைய மறுத்தவர்

ஒஸ்திரியாவில் 1886இல் பிறந்த போல் புரொய்ஸைச் சிறுபிராயத்தில் நோயொன்று நடக்கவொட்டாது முடக்கிற்று. தேறியெழுந்தவர் தாவரவியலிற் கலாநிதியானார், மலையேற்றத்திலும் தலைசிறந்தார்.

இரும்பு முளைகளைப் பாறையில் அறைந்து ஏறுவது முறையன்றென அவர் 1911இல் எழுதவே, மலையேறுவோரிடையே பெருவாதம் மூண்டது. உயிராபத்து வேளையில் மாத்திரமே முளையை அவர் ஒப்பினார். ஏறும் வழியில் இறங்கவும் வல்லவனே ஏறத்தக்கவன் என்பது அவர் கொள்கை. அவ்வாண்டிலேயே பிறெந்தா மலைத்தொடரின் கம்பனீல் பாசோ கோபுரத்துக் கிழக்குச் சுவரில், கயிறுமின்றித் தனித்தேறிக் காட்டினார்.

1913இல், இருபத்தேழாம் வயதில், மாண்ட்ல்கோகல் முகட்டில் தனியே ஏறுகையில் வீழ்ந்து மாண்டார். அம்மரணமே அவர் கொள்கைக்கு மறுப்பென்பார் உளர். நான் உடன்படேன். மரணம் அவர் அறிந்தே ஏற்ற விலை. அவர் விடுத்த வினாவோ வேறு: நம் ஆற்றலுக்கேற்ப மலையைத் திருத்துவதா, மலைக்கேற்ப நம்மைத் திருத்துவதா? பாறையைத் துளைத்து நிரந்தர ஆணி பதிப்பது பற்றி மலையேறுவோர் இன்றும் பிணங்குவது இவ்வினாவைக் கொண்டேயாம்.