பல்லக்கு வேண்டாம், நடந்தே போறேன்: கால்டுவெல் ஏன் கொடும்பாளூர் பக்கம் வரல?

திருச்சி - மதுரை நான்குவழிச் சாலையில் விராலிமலை தாண்டினால் கொடும்பாளூர். இருக்குவேளிர் கட்டிய மூவர் கோயிலைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். மூன்று விமானங்களில் இரண்டுதான் மிச்சம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடக்கும்போது, பாதை மூணாகப் பிரியும் இடமாகச் சொல்லப்படுவதும் இந்த ஊர்தான்.

1841-ல் இன்னொருவரும் திருச்சி வரை நடந்து வந்தார். தெற்கே போக வேண்டியவர். ஆனால் கொடும்பாளூர் பக்கம் வராமல் மேற்கே திரும்பிவிட்டார். அவர்தான் ராபர்ட் கால்டுவெல்.

யார் இவர்?

1814 மே 7-ல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில், கிளாடி என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்து வழி வந்தவர்கள். சிறுவயதிலேயே குடும்பம் கிளாஸ்கோவுக்குப் போய்விட்டது. பதின்வயதில் டப்ளினுக்கு வந்து ஓவியம் படித்தார். அதை விட்டுவிட்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பட்டம் வாங்கியதும் கப்பலேறி, 1838 ஜனவரியில் சென்னையில் இறங்கினார்.

ஏன் நடந்தார்?

மூணு வருஷம் சென்னையில் தமிழ் படித்தார். பிறகு திருநெல்வேலிச் சீமையில் வேலை. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் பல்லக்கிலோ குதிரையிலோதான் போவார்கள். இவர் நடக்க முடிவு செய்தார். ஜனங்களோட பேச்சு, பழக்கவழக்கம் எல்லாத்தையும் நேரில் பார்க்கணும் என்பதுதான் காரணம்.

கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று காவிரிக்கரை ஊர்கள் வழியாக வந்தார். திருச்சியிலிருந்து நேர் தெற்கே போயிருந்தால் சீக்கிரம் மதுரை. ஆனால் குருப்பட்டம் பெற ஊட்டி போக வேண்டியிருந்தது. பிஷப் அங்கேதான் இருந்தார். அதனால் கோயம்புத்தூர் வழியாக நீலகிரி ஏறி, செப்டம்பரில் பட்டம் பெற்று, மதுரை வழியாக அந்த வருஷக் கடைசியில் இடையன்குடி போய்ச் சேர்ந்தார். செம்மண் தேரியும் பனைமரமும் நிறைந்த அந்த ஊரே ஐம்பது வருஷம் அவருடைய ஊரானது.

அப்புறம் என்ன நடந்தது?

1844-ல் நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள் எலைசாவைத் திருமணம் செய்தார். எலைசாவுக்குப் பேச்சுத்தமிழ் சின்ன வயசிலிருந்தே பழக்கம்.

1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூல் வெளியானது. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்று 1816-லேயே எல்லிஸ் எழுதியிருந்தார். அதை விரிவான சான்றுகளோடு நிறுவியவர் கால்டுவெல். 1875-ல் இரண்டாம் பதிப்பு, 1881-ல் திருநெல்வேலி வரலாறு. 1870-களில் கொற்கையில் அகழாய்வும் செய்தார்.

சர்ச்சை எதனால்?

1849-ல் தன்னைச் சுற்றி வாழ்ந்த சாணார் சமூகத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கிறிஸ்தவரும் மற்றவரும் அடங்கிய அந்தச் சமூகம், தங்களை இழிவுபடுத்துவதாக அதைக் கண்டித்தது. நாசரேத்தில் சட்டாம்பிள்ளை தலைமையில் ஒரு பிரிவினர் மிஷனை விட்டே விலகி, தனிச்சபை தொடங்கினார்கள். எதிர்ப்பு ஓயாததால், பின்னாளில் அந்த நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார் கால்டுவெல்.

ஊர் ஊராக நடந்து மொழியைக் காது கொடுத்துக் கேட்டவர்தான். ஆனால் பக்கத்து வீட்டு மனிதர்களை எடைபோடுவதில் சறுக்கினார். அவரைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் சேர்த்தே பேசணும்.

கடைசிப் பயணம்

1877-ல் பிஷப் ஆனார். 1847-ல் தொடங்கிய இடையன்குடி தேவாலயக் கட்டுமானம் முடிய 33 வருஷம் ஆனது. வயதான பிறகு கோடைக்காலங்களில் கொடைக்கானலுக்குப் போவார். அங்கேயே 1891 ஆகஸ்ட் 28-ல் காலமானார். உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்குக் கொண்டுவந்து, தேவாலயப் பீடத்தின் கீழ் அடக்கம் செய்தார்கள்.

1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. 2010-ல் அஞ்சல்தலை வந்தது. பிறந்தது அயர்லாந்துச் சிற்றூர், அடக்கமானது தேரிக்காட்டுச் சிற்றூர். நடுவில் அவர் நடந்த ஊர்களில் பல இன்றும் அதே பெயரில் பேருந்துப் பலகைகளில் இருக்கின்றன.