கவ்வியும் மாத்திரையும்

கடந்த ஆண்டு ஒரு விடியற்காலையில் என் தம்பி தாங்க முடியாத தலைவலியுடன் மயங்கி விழுந்தார். மூளைத் தமனி ஒன்றின் சுவர் நலிந்து, சிறு பலூன்போலப் புடைத்து, வெடித்திருந்தது. இந்தப் புடைப்பை அனியூரிசம் என்கின்றனர். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, அன்றாடம் ஆஸ்பிரின் உட்கொண்டு வந்தவர் அவர்.

மருத்துவர் இரண்டு வழிகளைக் கூறினார். முதலாவது, இரத்தக் குழாய் வழியாகவே சென்று புடைப்பினுள் மெல்லிய கம்பிச் சுருளை நிரப்புவது. புடைப்பின் கழுத்து அகன்றிருந்ததால் சுருள் வெளியே நழுவாமல் தாங்க ஸ்டென்ட் வேண்டும். இரத்த ஓட்டத்தில் நிற்கும் உலோகத்தின்மீது தட்டணுக்கள் திரண்டு குழாயை அடைத்துவிடக்கூடும் என்பதால் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகிய இரண்டையும் கொடுத்தாக வேண்டும். ஆனால், சில மணி நேரத்துக்கு முன்புதான் அந்தக் குழாய் வெடித்திருக்கிறது. மூளைக்குள் நீர் தேங்கினால் மண்டையோட்டில் துளையிட்டுக் குழாய் செருக வேண்டும். இம்மருந்துகளோடு அதைச் செய்தால் அந்தத் தடத்திலும் இரத்தம் கசியலாம்.

இரண்டாவது, மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தை வெளியிலிருந்து ஒரு கவ்வியால் இறுக்குவது. குழாய்க்குள் உலோகம் இல்லை. ஆகவே, மூளையின் பொருட்டு அம்மருந்துகள் தேவையில்லை. ஆஸ்பிரினையும் சில நாள்கள் நிறுத்தலாம். அப்படி நிறுத்தினால் இதயத்திலுள்ள ஸ்டென்ட் என்னாகும்? வாய்ப்புச் செலவு என்னும் கருத்தை வகுப்பறையில் எத்தனையோ ஆண்டுகள் விளக்கியவன் நான். ஒப்புதல் படிவம் கையில் இருந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

இரண்டாவது வழிக்குக் கையொப்பமிட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கழிந்த இரவுகளில், அந்தக் கவ்வியை முதன்முதலில் பொருத்திய வால்டர் டாண்டியின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன்.

டாண்டி 1886-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் செடாலியா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ரயில் ஓட்டுநர். பெற்றோர் இருவருமே அட்லாண்டிக்கைக் கடந்து வந்து குடியேறியவர்கள். 1910-இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவப் பட்டம் பெற்று, நரம்பியல் அறுவை சிகிச்சையின் தந்தையாகப் போற்றப்படும் ஹார்வி குஷிங்கிடம் பணியில் சேர்ந்தார். இருவருக்கும் ஒத்துவரவில்லை. 1912-இல் பாஸ்டனுக்குச் சென்ற குஷிங் இவரைத் தம்முடன் அழைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பகை இறுதிவரை தணியவில்லை. பிழை ஒருவரிடம் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1922-இல் செவி நரம்புக் கட்டியை முழுமையாக அகற்றும் முறையை வெளியிட்டபோது, அத்துறையில் குஷிங் ஆற்றிய பணியை டாண்டி குறிப்பிடவே இல்லை. குஷிங் கொதித்துப் போனார். அறுவை அரங்கில் டாண்டியின் சினத்துக்கு உதவியாளர்கள் அஞ்சினர். அதே மனிதர் ஏழை நோயாளிகளிடம் கட்டணம் வாங்காமல் சிகிச்சை செய்தார்.

குஷிங் விட்டுச் சென்ற பிறகு, குழந்தை மருத்துவர் கென்னத் பிளாக்ஃபேனுடன் சேர்ந்து மூளைநீர் எங்கே சுரக்கிறது, எவ்வழியே ஓடுகிறது, எங்கே தடைபடுகிறது என்று டாண்டி ஆராய்ந்தார். என் தம்பியின் தலையிலும் அறுவைக்குப் பின் நீர் தேங்கிக் குழாய் செருகும்படி ஆயிற்று. அந்தச் சிகிச்சைக்கு அடிப்படையான அறிவு 1913, 1914-ஆம் ஆண்டுகளின் அந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. 1918-இல், மூளையின் நீர் அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுக்கும் முறையைக் கண்டார். ஸ்கேன் இல்லாத அக்காலத்தில் மண்டைக்குள் கட்டி எங்கிருக்கிறது என்பதைக் காண அதுவே வழியாயிற்று. 1920-களில், அறுவை முடிந்தவர்களை இரவும் பகலும் கவனிக்க மூன்று படுக்கைகளைத் தனியே ஒதுக்கினார். நான் காத்திருந்த வாசலுக்கும் அதுவே முன்னோடி. பேஸ்பால் வீரர்களின் தொப்பிக்குள் தலையைக் காக்கும் தகடு வைக்கவும் 1941-இல் வழிசெய்திருக்கிறார். ஓய்வே அறியாதவர் போலும்.

வெடித்த அனியூரிசத்தை நேரடியாக அணுகியவர்களில் டாண்டி முதல்வர் அல்லர். 1931-இல் எடின்பரோவில் நார்மன் டாட், நோயாளியின் தசைத் துண்டையே எடுத்து அதைச் சுற்றிப் பொதிந்தார். ஆயினும் புடைப்பு அங்கேயே இருந்தது. 1937 மார்ச் 23 அன்று, ஒரு கண்ணின் இமை தொங்கிப்போன 43 வயது நோயாளி ஒருவரின் தலையைத் திறந்த டாண்டி, புடைப்பின் கழுத்தில் ஒரு வெள்ளிக் கவ்வியை வைத்து இறுக்கினார். தாய்க்குழாயில் இரத்தம் தடையின்றி ஓட, புடைப்பு மட்டும் துண்டிக்கப்பட்டது. நோயாளி பிழைத்து வீடு திரும்பினார். 1944-இல் இந்நோயைப் பற்றித் தனி நூலே எழுதினார் டாண்டி. இன்றைய கவ்வி டைட்டானியத்தால் ஆனது. செய்யும் வேலை அதுவே.

கவ்விதான் எப்போதும் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. 2002-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கம்பிச் சுருள் வைக்கப்பட்டோரில் 23.7 விழுக்காட்டினரும், கவ்வி வைக்கப்பட்டோரில் 30.6 விழுக்காட்டினரும் ஓராண்டின் முடிவில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தனர். இரு முறைகளில் எதுவும் பொருந்தும் என்று கருதப்பட்ட நோயாளிகளிடம் செய்த ஆய்வு அது. சராசரி என்பது என்ன, அது எதைச் சொல்லாது என்பதை மாணவர்களுக்குக் கற்பித்தவன்தான் நானும். அன்று என்முன் இருந்தது அகன்ற கழுத்துடைய ஒரே ஒரு புடைப்பு.

டாண்டி 1946 ஏப்ரல் 19 அன்று, 60 வயது நிறைந்து இரு வாரங்கள்கூட ஆகாத நிலையில், இதயத் தமனி அடைப்பால் இறந்தார். அப்போது ஆஸ்பிரின் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் உரிய மாத்திரை மட்டுமே. கலிபோர்னியாவின் கிளென்டேல் நகரப் பொது மருத்துவர் லாரன்ஸ் க்ரேவன், அது மாரடைப்பைத் தடுக்கக்கூடும் என்று கட்டுரை எழுதியது 1950-இல். அதையும் மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்பது 1960-களின் பிற்பகுதியில்தான் ஆய்வகங்களில் உறுதியாயிற்று.

தம்பிக்கு ஆஸ்பிரினை மீண்டும் எப்போது தொடங்குவது என்பதில் மூளை மருத்துவருக்கும் இதய மருத்துவருக்கும் எளிதில் உடன்பாடு ஏற்படவில்லை. ஒருவர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். மற்றவர் நான்கு ஆண்டுப் பழைய கோப்பைப் புரட்டினார். மூளைக் குழாயை அகற்றி, மறு ஸ்கேனில் புதிய கசிவு இல்லை என்று கண்ட பின்னரே இருவரும் ஒப்பினர். மாத்திரையைச் செவிலியர் நீட்டியபோது, அதற்கென்ன இவ்வளவு யோசனை என்பதுபோல் தம்பி என்னைப் பார்த்தார்.