கண்டியரசன் மதம் மாறவில்லை: யோசப் வாஸ் அடிகளாரும் என் அப்பாவும்

பன்விலவில் எங்கள் லயத்து வீட்டுச் சாமித்தட்டில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வேதாகமம் இருக்கிறது. நான் திருமுழுக்குப் பெற்ற வருடம் அப்பாவுக்குக் கொடுத்தது. வாசிப்பார் என்று நினைத்தேன். அவரோ வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சந்தனப் பொட்டு வைக்கிறார். கேட்டால் சிரிப்பார். அவருக்குக் கதிர்காமம் இருக்கிறது, தோட்டத்து மாரியம்மன் இருக்கிறாள். குறையே இல்லாத மனிதரிடம் நான் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது? அவரோடு மல்லுக்கட்டி, எங்களுக்குள் பேச்சே நின்றுபோயிருந்த நாட்களில்தான் யோசப் வாஸ் அடிகளாரின் வரலாற்றைத் திரும்பப் படித்தேன்.

1651 ஏப்ரல் 21இல் கோவாவில் பிறந்தவர். 1676இல் குருவானார். அப்போது யாழ்ப்பாணம் ஒல்லாந்தரின் கையில். 1658இல் போர்த்துக்கேயரை விரட்டிய அவர்கள் கத்தோலிக்கக் குருக்களையும் விரட்டியிருந்தார்கள். பூசை வைப்பதே குற்றம். குருவே இல்லாத அந்த மக்களைத் தேடி 1687இல் ஒரு வேலைக்காரனோடு கூலியாள் வேடத்தில் வந்திறங்கினார். வந்ததும் நோயில் விழுந்தார். பிறகு கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். மாலையைக் கண்டு முகம் மாறுகிறவர்களே அவர் தேடி வந்தவர்கள். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள்.

அந்த மறைவு வாழ்க்கையை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரவில் கூடி, விடியுமுன் கலைந்து, எந்த வீடு பாதுகாப்பு என்று கணக்குப் பார்த்து நடப்பதை வடக்கு நன்றாக அறியும். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் புகுந்து, கூடியிருந்தவர்களைப் பிடித்துச் சவுக்கால் அடித்தார்கள். அடிகளார் தப்பினார். புத்தளம் வழியாக 1692இல் கண்டிக்குப் போனார். அங்கேயும் போர்த்துக்கேய உளவாளி என்று கோள் மூட்டப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். சிறைக்குள் இருந்தே சிங்களம் படித்தார்.

அவரைச் சிறை வைத்தவன் இரண்டாம் விமலதர்மசூரியன். பின்னாளில் அவருக்குக் காவலாக நின்றவனும் அவனே. கடும் வரட்சியில் அடிகளார் செபித்து மழை பெய்ததால் அரசன் மனம் இளகினான் என்று திருச்சபை வரலாறு சொல்கிறது. எனக்கு மழையைவிட அம்மைதான் பெரிதாகத் தெரிகிறது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் வசதியுள்ளவர்களும் நகரை விட்டுப் போனார்கள். நோயாளிகளைச் சொந்தக்காரரே கைவிட்டார்கள். அடிகளார் போகவில்லை. கோவாவிலிருந்து வந்திருந்த தன் உறவினர் யோசப் கர்வாலோவோடு சேர்ந்து, எந்த மதத்தவர் என்று பாராமல் புண் கழுவினார், சோறூட்டினார், பிணம் புதைத்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் அரசன் கிறிஸ்தவனாகவில்லை. அதே 1697இல்தான் அவன் அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதாவை மீண்டும் நிறுவினான். தலதா மாளிகையையும் எழுப்பினான். தன் சமயத்தில் நிறைவாக இருந்த அரசன் அவன். அடிகளார் அதற்காக அவனை விட்டு விலகியதாக எங்கும் படித்ததில்லை. அவனுடைய நாட்டிலேயே இருந்தார், காடுகளூடாக வெறுங்காலோடு நடந்து சனங்களைப் பார்த்தார். 1707இல் அரசன் பௌத்தனாகவே இறந்தான். நான்கு வருடம் கழித்து, 1711 ஜனவரி 16இல், அடிகளார் கண்டியில் இறந்தார். அவருடைய கல்லறை இருந்த இடம் இன்று தெரியாது.

2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கும் போனார். 2008இல் ஷெல்லுக்குத் தப்பி, மாதா சொரூபமே சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்த அதே மடுவுக்கு.

போன மாதம் வத்தேகம பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனபோது, இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். சமயம் பேசவில்லை, கதை மட்டும். அம்மை வந்த இடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மை என்றால் அவருக்கு மாரியம்மன். அந்தச் சாமியாரையும் அவள் தொட்டாளா என்று கேட்டார். அதில் அவர் சாகவில்லை என்றேன். அவள் விட்டுவிட்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டே விளக்கேற்றப் போனார்.