ஸ்டாலின்: தாத்தா வீட்டுச் சுவரில் இருந்த படம்



எங்க ஊர் போடிநாயக்கனூர். விடியற்காலையில் ஜீப் ஸ்டாண்டு பக்கம் நின்று ஸ்டாலின் அண்ணே என்று சத்தமாக ஒரு குரல் கொடுத்துப் பாருங்க. டிரைவரோ, காய் எடுக்கப் போடிமெட்டு ஏறும் தோட்டத் தொழிலாளியோ, யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்க்க நல்ல சான்ஸ் இருக்கு. தமிழ்நாட்டில் அது பக்கத்து வீட்டுப் பேர். 1953 மார்ச் 1ஆம் தேதி பிறந்த தன் மகனுக்குக் கலைஞர் கருணாநிதி வைத்ததும், அதே மார்ச் 5ஆம் தேதி மாஸ்கோ பக்கத்தில் இறந்துபோன அந்தத் தலைவரின் பேரைத்தான்.

எங்க தாத்தா வீட்டுச் சுவரிலும் அந்த மீசைக்காரர் படம் இருந்தது. சின்ன வயசில் அவரை ஏதோ தூரத்துச் சொந்தம் என்றுதான் நினைத்திருந்தேன். தாத்தா ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர், கூலி உயர்வுக்காகச் செங்கொடி பிடித்தவர். அவருக்கு ஸ்டாலின் என்றால் ஹிட்லரைத் தோற்கடித்தவர், உழைப்பவன் ஆட்சியைக் காப்பாற்றியவர். நான் படித்த இங்கிலீஷ் மீடியம் புத்தகத்திலோ அதே ஆள் கொடூரமான சர்வாதிகாரி. இரண்டு பேரும் ஒரே மனுஷன்தானா? ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு நடுவில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் பிறந்தது 1878இல், அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த ஜார்ஜியாவின் கோரி என்ற சின்ன ஊரில். இயற்பெயர் ஜோசப் ஜுகாஷ்விலி. அப்பா செருப்புத் தைப்பவர், குடிகாரர். அம்மா ஊரார் துணியைத் துவைத்து மகனைப் படிக்க வைத்தார். பையன் பாதிரியார் ஆகணும் என்பது அவர் ஆசை. ஆனால் டிஃப்லிஸ் இறையியல் பள்ளியில் சேர்ந்த பையன் மார்க்ஸ் பக்கம் போய்விட்டான். 1899இல் படிப்பை முடிக்காமலே வெளியே வந்தான். அப்புறம் வேலைநிறுத்தம், தலைமறைவு, சிறை, சைபீரியா. ஸ்டாலின் என்பது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பேர். எஃகு மனிதன் என்று அர்த்தம்.

1917இல் புரட்சி வென்றது. 1922இல் ஸ்டாலின் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனார். ஃபைல் பார்க்கிற வேலைதானே என்று பெரிய தலைவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்பது அந்த ஃபைலில்தான் இருந்தது. நோயில் படுத்திருந்த லெனின், இவரை அந்தப் பதவியிலிருந்து மாற்றச் சொல்லிக் குறிப்பு எழுதவைத்தார். 1924இல் லெனின் இறந்தார். மாற்றம் நடக்கவில்லை. போட்டிக்கு நின்ற ட்ராட்ஸ்கி 1929இல் நாடு கடத்தப்பட்டார், 1940இல் மெக்ஸிகோவில் சோவியத் உளவு அமைப்பு அனுப்பிய ஆளால் கொல்லப்பட்டார்.

1928இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. மேக்னிட்டோகோர்ஸ்கில் பிரம்மாண்டமான இரும்பாலை, டினீப்பர் ஆற்றில் அணை, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம். பெரும்பாலும் விவசாய நாடாக இருந்த ஒன்று சில வருஷங்களில் தொழில் நாடாக மாறியது. நம்ம நாட்டு ஐந்தாண்டுத் திட்டத்துக்கே முன்மாதிரி அதுதான். தாத்தா சொன்னதில் இந்தப் பாதி உண்மை.

சரி, அதற்கான விலையை யார் கொடுத்தது? விவசாயி. நம்ம பக்கம் ஏலக்காய் கொண்டுவருபவர், ஏலத்தில் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அங்கே அது முடியாது. நிலமும் மாடும் கூட்டுப்பண்ணைக்குப் போயின. எவ்வளவு தானியம் தரணும் என்பதை மேலிடம் முடிவு செய்தது. பல ஊர்களில் விதைக்கு வைத்திருந்ததையும் எடுத்துக்கொண்டு போனார்கள். 1932-33 பஞ்சத்தில் உக்ரைனில் மட்டும் 35 லட்சம் பேருக்கு மேல் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அந்த வருஷங்களில் கஜகஸ்தானில் சுமார் 15 லட்சம் பேர். உக்ரைனில் நடந்தது திட்டமிட்ட இனப்படுகொலையா, ஈவிரக்கமற்ற கொள்கையின் விளைவா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. செத்தவர்கள் செத்தார்கள் என்பதில் வாதம் இல்லை.

இனி வருவது நம்ம டிபார்ட்மென்ட். 1928இல் ஷாக்தி என்ற இடத்து நிலக்கரிச் சுரங்க இன்ஜினியர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மீது நாசவேலை வழக்கு. மெஷின் பழுதானால், உற்பத்தி குறைந்தால் அது சதி. ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கப்புறம், இந்த டார்கெட் முடியாது சார் என்று எந்த இன்ஜினியர் வாய் திறப்பார்? 1937இல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். வந்த எண்ணிக்கை சுமார் 16.2 கோடி. அரசு எதிர்பார்த்ததைவிட அது ரொம்பக் குறைவு, பஞ்சத்தில் போனவர்கள் அந்த டேட்டாவில் தெரிந்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? கணக்கெடுப்பையே ரத்து செய்து, கணக்கெடுத்த அதிகாரிகளைக் கைது செய்தார்கள். சிலரைச் சுட்டார்கள். ரீடிங் பிடிக்கவில்லை என்று மீட்டரை உடைத்த கதை.

1937, 1938 இரண்டே வருஷத்தில், அவர்களுடைய சொந்த ஆவணங்களின்படியே சுமார் 6 லட்சத்து 80 ஆயிரம் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் சரோஜினி நாயுடுவின் தம்பி, இந்திய விடுதலைக்காக வெளிநாட்டில் அலைந்த வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவும் ஒருவர். ராக்கெட் இன்ஜினியர் கொரலியோவ் 1938இல் கைதாகி, கொலிமா தங்கச் சுரங்க முகாமில் பற்கள் பல கொட்டி உயிர் பிழைத்தார். 1957இல் ஸ்புட்னிக், 1961இல் ககாரின் இரண்டையும் மேலே அனுப்பியது அதே கொரலியோவின் குழுதான். அவர் மாதிரி எத்தனை பேர் திரும்பி வரவே இல்லையோ!

1941 ஜூன் 22இல் ஹிட்லர் படை எடுத்தான். முன்கூட்டியே வந்த எச்சரிக்கைகளை ஸ்டாலின் நம்பவில்லை. அனுபவமுள்ள தளபதிகள் பலரை அதற்கு முன்பே கொன்றிருந்தார். ஆனாலும் சோவியத் மக்கள் நின்றார்கள். ஸ்டாலின்கிராடில் போரின் போக்கே திரும்பியது, 1945இல் பெர்லினில் செங்கொடி பறந்தது. சுமார் 2.7 கோடி உயிரைக் கொடுத்து நாஜிப் படையை உடைத்த நாடு அது. அவர் இல்லாவிட்டால் ஜெயித்திருக்க முடியாது என்கிறார்கள் ஒரு சாரார். அவர் இல்லாவிட்டால் இவ்வளவு பேர் செத்திருக்க மாட்டார்கள் என்கிறார்கள் இன்னொரு சாரார்.

என்னை ரொம்ப உறுத்தியது பெரிய எண்கள் இல்லை, ஒரு சின்ன எண். 1940இல் வந்த சட்டப்படி, 20 நிமிஷத்துக்கு மேல் லேட்டாக வேலைக்கு வந்தால் அது குற்ற வழக்கு. அனுமதி இல்லாமல் வேலையை விட்டு நின்றால் சிறை. போடிமெட்டு வளைவில் ஜீப் பஞ்சராகி நின்ற எத்தனை காலைகளை எங்க தாத்தா பார்த்திருப்பார்! கூலி போதாது என்று வேலைநிறுத்தம் செய்த அந்த மனுஷனுக்கு, தான் படம் மாட்டி வைத்திருந்தவரின் நாட்டில் அதைச் செய்திருக்க முடியாது.

கம்யூனிசம் என்றாலே இப்படித்தானா? மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவைப் பாருங்க. 1957இல் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்டுகள் ஓட்டு வாங்கி ஆட்சிக்கு வந்தார்கள். 1959இல் மத்திய அரசு கலைத்தபோது இறங்கிப் போனார்கள், மறுபடி ஓட்டுக் கேட்டு வந்தார்கள். கொடி ஒன்றுதான். எதிர்த்துப் பேச ஆள் இருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

கடைசியாக அவர் செத்த கதை. 1953 மார்ச் 1, சென்னையில் அந்தக் குழந்தை பிறந்த அதே நாள். பகல் முழுக்க ஸ்டாலின் அறையை விட்டு வெளியே வரவில்லை. கூப்பிடாமல் உள்ளே போகக் காவலர்களுக்குப் பயம். ராத்திரி ஒருவழியாகப் போய்ப் பார்த்தால், பக்கவாதம் தாக்கித் தரையில் கிடந்தார். டாக்டர்கள் வந்தது மறுநாள் காலையில்தான். நாட்டின் பெரிய டாக்டர்கள் பலர் அப்போது சதி வழக்கில் உள்ளே இருந்தார்கள். அவர் வளர்த்த பயமே கடைசியில் அவர் கதவுக்கு முன்னால் நின்றது. 1956இல் குருஷ்சேவ் அவருடைய குற்றங்களைக் கட்சி மாநாட்டில் பேசினார். 1961இல் லெனின் பக்கத்தில் வைத்திருந்த உடலை எடுத்துப் புதைத்தார்கள்.

தாத்தா இப்போது இல்லை. படம் பரணில் இருக்கிறது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, திரும்ப மாட்டவும் முடியவில்லை. தாத்தாவின் கனவு பொய் இல்லை, அந்த லட்சக்கணக்கான சாவும் பொய் இல்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை. ஸ்டாலின் என்ற பேரில் உங்களுக்கு ஒரு ஃப்ரெண்ட் இருந்தால், யார் அந்தப் பேரை வைத்தார்கள், என்ன நினைத்து வைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்க. கேட்டுவிட்டு, இந்தக் கதையையும் அவரிடம் சொல்லுங்க.