முத்தைக் கண்டு ஊருக்குக் கொடுத்தவர்

சிலாபம் நடந்த காலத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தூத்துக்குடிக் கரையில் கடைசிச் சிலாபம் 1961-ல் நடந்தது. கரையில் குவிந்த சிப்பிகளில் எதனுள் முத்து உண்டு, எதனுள் இல்லை என்று வெளியே பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் பிளந்தால்தான் சில முத்துகள் அகப்படும். ஆனால் மூடியிருப்பதைத் திறவாமலே உள்ளே பார்க்க வழி கண்டவர் ஒருவர் உண்டு. அவர் வில்ஹெல்ம் ராண்ட்ஜன். அவர் கண்ட கதிரைத்தான் நாம் எக்ஸ்ரே என்கிறோம்.

இவர் 1845 மார்ச் 27-ல் ஜெர்மனியில் லெனெப் என்ற ஊரில் ஒரு துணி வியாபாரியின் மகனாகப் பிறந்தார். ஹாலந்து நாட்டில் வளர்ந்தார். பள்ளியில் படிக்கையில், வேறொரு மாணவன் ஆசிரியரைக் கேலிச் சித்திரமாக வரைந்துவிட்டான். அவன் பெயரைச் சொல்ல இவர் மறுத்தார், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். அதனால் சர்வகலாசாலையில் சேரும் வழி அடைபட்டது. சூரிச் நகரத்தில் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்து, 1869-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1895 நவம்பர் 8-ந் தேதி மாலை, வூர்ட்ஸ்பர்க் சர்வகலாசாலையில், கறுப்பு அட்டையால் மூடிய கண்ணாடிக் குழாயில் மின்சாரம் செலுத்தினார். சற்றுத் தூரத்தில் இருந்த ரசாயனம் பூசிய தட்டி ஒளிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று அட்டையைக் கடந்து வருவதை உணர்ந்தார். ஏழு வாரம் தனியே சோதித்தார். டிசம்பர் 22-ல் தம் மனைவி பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். கதிர் சதையை ஊடுருவிச் சென்றது. எலும்பிலும் மோதிரத்திலும் தடைப்பட்டது. அந்த நிழல்தான் படமாயிற்று.

மறு வருஷமே உலகெங்கும் வைத்தியர்கள் முறிந்த எலும்பையும் உடலில் புதைந்த குண்டையும் இந்தக் கதிரால் கண்டார்கள். குதிரையின் கால்களையும் படமெடுத்தார்கள். வலிக்கும் இடத்தைச் சொல்ல வாயில்லாத ஜீவனுக்கு இது எத்தனை பெரிய உதவி! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் முத்துக் கரையில் சிப்பிகளையும் இவ்வாறு சோதித்தார்கள். இன்று, இயற்கை முத்தா வளர்ப்பு முத்தா என்று அறியவும் எக்ஸ்ரே உதவுகிறது. வளர்ப்பு முத்தின் நடுவே மணி வைத்திருந்தால் அது தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் அவர் பெற்ற லாபம் என்ன? உரிமைப் பட்டயம் வாங்கியிருந்தால் பெரும் செல்வராகியிருப்பார். அவர் வாங்கவில்லை. 1901-ல் பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. அந்தப் பணத்தையும் சர்வகலாசாலைக்கே கொடுத்தார். 1919-ல் மனைவியை இழந்தார். யுத்தத்துக்குப் பின் ஜெர்மன் பணம் மதிப்பிழந்தபோது அவருடைய சேமிப்பும் கரைந்தது. 1923 பிப்ரவரி 10-ல் மியூனிக்கில் கண் மூடினார்.

ராண்ட்ஜன் நம் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் சுவிசேஷத்தில் வரும் முத்து வியாபாரியை நினைத்துப் பாருங்கள். விலையேறப்பெற்ற முத்துக்காக அவன் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் விற்றான். இவரோ தாம் கண்ட முத்தையே விலை பேசாமல் ஊருக்குக் கொடுத்துவிட்டார்.

அப்படிக் கொடுத்ததை நாம் வீணாக்கலாமா? உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா? கடல் காற்று, உப்புக் காற்று என்று சமாதானம் சொல்லி நாளைக் கடத்தாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கர்ப்பிணிகள் மட்டும் எக்ஸ்ரே எடுக்குமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். படத்தில் என்ன தெரியுமோ என்று அஞ்சித் தயங்குகிறவர்கள் பலர். மறைத்து வைப்பதால் நோய் நீங்குவதில்லை. நேரத்தில் கண்டால் குணமாகும்.

நம் உள்ளத்தைத் திறவாமலே காண்கிறவர் ஆண்டவர் ஒருவரே. நம் உடலின் உள்ளே காண அவர் ஒரு மனிதருக்கு வழி காட்டினார். இன்றிரவு குடும்ப ஜெபமாலையில், எக்ஸ்ரே அறை வாசலில் காத்திருக்கும் நோயாளிகளுக்காக ஓர் அருள் நிறைந்த மந்திரம் சேர்த்துச் சொல்லுங்கள்.